கோட்டூர்புரம் மேல் பறக்கும் குடும்பங்கள்

அண்ணா நூற்றாண்டு நூலகத்திலிருந்து சாயங்காலம் வெளியே வந்து ரோட்டோரம் நின்றால் அண்ணாந்து பார்க்காமல் இருக்க முடியாது. கடல் பக்கமிருந்து, ராஜா அண்ணாமலைபுரம், கோட்டூர்புரம் என்று வரிசையாக வீடுகளைத் தாண்டி, சக்கரத்தைக் கீழே விட்டபடி ஒவ்வொரு விமானமாக மீனம்பாக்கத்தை நோக்கி இறங்கும். ஓடுபாதைக்கு அந்தப் பக்க முனையின் பெயர் 25. திசைகாட்டியில் ஏறக்குறைய 250 டிகிரி பார்த்து இறங்குவதால் அந்த எண். இறங்கும் சரிவு மூன்று டிகிரி. நூலகத்திலிருந்து ஓடுபாதை ஏழெட்டு கிலோமீட்டர். கணக்குப் போட்டால் நம் தலைக்கு மேலே விமானம் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜன்னல்களை எண்ண முடியும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்காகத் திரும்பினால் எல்லாம் தலைகீழ்: இறங்குவது பம்மல், அனகாபுத்தூர் பக்கமிருந்து, ஏறுவது நம் தலைக்கு மேலே.

ரெண்டு மாசம் முன்னால் அக்கா பையனோடு அங்கே நின்றுகொண்டிருந்தேன். ஏழாவது படிக்கிறான். அடுத்தடுத்து ரெண்டு இண்டிகோ போனது. "மாமா, ரெண்டும் ஒரே பிளேன்தானே? இது மட்டும் ஏன் நீளமா இருக்கு?" என்றான். முன்னால் போனது ஏ320, பின்னால் வந்தது ஏ321, அண்ணன் தம்பி, தம்பி ஏழு மீட்டர் நீளம் என்று சொன்னேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டான்: "நம்ம ஊர்ல செஞ்ச பிளேன் எது மாமா? எப்ப வரும்?"

அரை மணி நேரம் நின்றோம். வரவில்லை.

முதல் கேள்விக்கு விரிவான பதிலும் ரெண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் கசப்பான பதிலும் தேடிப் படித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

குடும்பம் என்றால் என்ன

பயணிகள் ஜெட் விமானத்தைப் புதிதாக வரைந்து, செய்து, சோதித்து, சான்றிதழ் வாங்க ஏழெட்டு வருஷமும் கணக்கில்லாத பணமும் ஆகும். ஆகவே எந்தக் கம்பெனியும் ஒரு விமானத்தோடு நிறுத்துவதில்லை. இறக்கைக்கு முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு சேர்த்து உடலை நீட்டுவார்கள். ரெண்டு பக்கமும் ஏன் சேர்க்க வேண்டும்? தராசுத் தட்டு மாதிரிதான். ஒரு பக்கம் மட்டும் நீட்டினால் எடை மையம் நகர்ந்துவிடும். சின்ன விமானம் வேண்டுமென்றால் துண்டுகளை எடுத்துவிடலாம். ஆனால் நீட்டினதுக்கு இருக்கிற லாபம் சுருக்கினதுக்கு இல்லை. பெரிய உடலுக்குச் செய்த இறக்கையையும் எஞ்சினையும் சின்ன உடல் சுமக்க வேண்டிவரும். ஏ318 அப்படிச் சுருக்கிய கடைசித் தம்பி. செய்தது மொத்தமே 80.

பணம் மிச்சமாவது தொழிற்சாலையில் மட்டுமில்லை. உண்மையான மிச்சம் விமானக் கம்பெனிக்கு. ஏ319 ஓட்டுகிற விமானி சின்னப் பயிற்சியோடு ஏ321 ஓட்டலாம். ஒரே சிமுலேட்டர், ஒரே உதிரிபாகக் கிடங்கு, ஒரே மெக்கானிக். ஆகவே விமானக் குடும்பம் என்பது அடிப்படையில் விற்பவர் வாங்குபவருக்குக் கொடுக்கும் ஒரு வாக்குறுதி: "புதுசு வாங்கினாலும் உங்கள் ஆட்கள் புதுசாக ஒன்றும் கற்க வேண்டாம்." இந்த வாக்குறுதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுவே உயிர்களை வாங்குகிறது.

காரவெல் காலம்

மெட்ராஸுக்கும் விமானத்துக்கும் உறவு பழசு. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தபோது, அங்கிருந்து பெல்லாரி வழியாக அதை மெட்ராஸ் வரை கொண்டுவந்து சேர்த்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். அந்தத் தடத்தின் கடைசி ஊர் நம் ஊர்.

உள்நாட்டுத் தடங்களில் ஜெட் வந்தது 1964இல், இந்தியன் ஏர்லைன்ஸ் வாங்கிய பிரெஞ்சு காரவெல் மூலம். இதற்குள்ளேயே ஒரு குடும்பக் கதை இருக்கிறது. காரவெலின் மூக்கும் காக்பிட்டும் பிரிட்டிஷ் காமெட்டிலிருந்து உரிமம் வாங்கி அப்படியே எடுத்தது. உலகின் முதல் பயணிகள் ஜெட்டான காமெட்டின் முகத்தை வேறொரு நாட்டு விமானம் போட்டுக்கொண்டு நம் ஊருக்கு வந்தது.

காரவெலின் எஞ்சின்கள் வாலருகில், உடலின் ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். 1976 அக்டோபர் 12 ராத்திரி பம்பாயிலிருந்து மெட்ராஸுக்குக் கிளம்பிய காரவெலில் எஞ்சின் உடைந்து தீப்பிடித்தது. திரும்பி வந்து இறங்கப் பார்த்தது, முடியவில்லை. அதிலிருந்த 95 பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் நடிகை ராணி சந்திரா. 'பத்ரகாளி' படத்தில் அவர்தான் நாயகி. பாக்கிக் காட்சிகளை வேறு பெண்ணை வைத்து எடுத்து அந்த வருஷமே படத்தை வெளியிட்டார்கள். அப்பா இந்தப் படத்தைப் பற்றிப் பேசினால் கதையைச் சொல்லமாட்டார், விபத்தைத்தான் சொல்வார்.

குட்டைக் காலோடு பிறந்த 737

இந்தியன் ஏர்லைன்ஸின் அடுத்த ஜெட் போயிங் 737-200. 1970 கடைசியில் வர ஆரம்பித்தது. இந்தக் குடும்பம்தான் இந்தப் பதிவின் மையம்.

1960களின் நடுவில் போயிங் இதை வரையும்போது போட்டியாளர்களிடம் ஏற்கெனவே சின்ன ஜெட்கள் இருந்தன. எஞ்சின்களை வாலருகே வைப்பதுதான் அப்போதைய பழக்கம். ஜோ சட்டர் என்ற பொறியாளர் (பின்னால் 747இன் தலைமைப் பொறியாளர்) அவற்றை இறக்கைக்குக் கீழே, நெருக்கமாக ஒட்டி வைக்கலாம் என்றார். உடலின் அகலத்தைப் புதிதாக யோசிக்கவில்லை. பெரியண்ணன் 707இன் குழாயையே எடுத்துக்கொண்டார்கள். வரிசைக்கு ஆறு சீட், அளவு அப்படியே.

இன்னொரு முடிவும் எடுத்தார்கள். விமானம் தரைக்கு மிக அருகில் நிற்க வேண்டும். காரணம் எளிமையானது. இது சின்ன ஊர்களுக்குப் போகிற வண்டி. அங்கே ஏணி வண்டி இருக்காது, பெட்டி ஏற்றும் பெல்ட் இருக்காது. விமானத்தோடு வரும் படிக்கட்டை இறக்கி ஆள் ஏறலாம். போர்ட்டர் தரையில் நின்றபடியே பெட்டியை உள்ளே தள்ளலாம். எஞ்சினைப் பார்க்க மெக்கானிக்குக்கு உயர ஸ்டூல்கூட வேண்டாம். அன்றைய எஞ்சின் சுருட்டு மாதிரி ஒல்லி. ஆகவே குட்டைக் கால் போதும்.

1967 ஏப்ரல் 9 அன்று முதல் 737 பறந்தது. நீளம் 28.6 மீட்டர். அன்றைக்கு அந்த முடிவில் எந்தத் தப்பும் இல்லை. சொல்லப்போனால் ரொம்பப் புத்திசாலித்தனமான முடிவு. விமானம் ஐம்பது வருஷம் உயிரோடு இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊரில் 737 என்றால் வயதானவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது 1973 மே 31. மெட்ராஸிலிருந்து டெல்லிக்குப் போன இந்தியன் ஏர்லைன்ஸ் 737, பாலம் விமான நிலையத்தை நெருங்கும்போது புழுதிப்புயலில் உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதி விழுந்தது. 65 பேரில் 48 பேர் இறந்தார்கள். மத்திய எஃகு, சுரங்கத் துறை அமைச்சர் மோகன் குமாரமங்கலம் அதில் இருந்தார். கோவை எம்.பி.யும் கம்யூனிஸ்ட் தலைவருமான பாலதண்டாயுதமும் இருந்தார். அதனால் வந்த கோவை இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தவர் பார்வதி கிருஷ்ணன். அவர் மோகன் குமாரமங்கலத்தின் தங்கை. ஒரே விபத்தில் அண்ணனும் போய், அதே விபத்தில் காலியான நாற்காலியில் தங்கை உட்கார்ந்தார் என்பதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

நாலு சக்கரம் கேட்ட கதை

1976இல் இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ300 வாங்கியது. அகல உடல், உள்ளே ரெண்டு நடைபாதை. அன்றிலிருந்து எங்கள் தெருவில் பெரிய விமானம் எதுவானாலும் அதன் பெயர் "ஏர்பஸ்" ஆகிவிட்டது.

ஆனால் நம் கதைக்கு முக்கியமானது அதே கம்பெனியின் ஏ320. 1987 பிப்ரவரியில் முதல் பறப்பு. விமானி கையில் பிடிப்பது பெரிய ஸ்டியரிங் இல்லை, பக்கவாட்டில் ஒரு சின்னக் குச்சி. குச்சிக்கும் இறக்கைக்கும் நடுவே கம்பிவடம் கிடையாது. கட்டளை கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டர் இறக்கையை அசைக்கும். ஆகவே ஏ319, ஏ320, ஏ321 மூன்றும் வேறு வேறு நீளமானாலும் விமானியின் கைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்படி மென்பொருளால் சரிசெய்ய முடிந்தது. குடும்பமாக வளர வேண்டும் என்று யோசித்தே பெற்ற பிள்ளை என்று சொல்லலாம். காலும் 737ஐவிட உயரம்.

உலகத்தில் இந்த விமானத்தை முதலில் நம்பி வாங்கியவர்களில் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்று. ஒரு விசேஷக் கோரிக்கையும் வைத்தார்கள். நம் ஓடுபாதைகள் பல அந்த எடையைத் தாங்காது. ஆகவே பின்சக்கரம் ஒவ்வொரு பக்கமும் ரெண்டுக்குப் பதில் நாலு வேண்டும். எடை பரவினால் தரைக்கு அழுத்தம் குறையும், மாட்டுவண்டிக்கு அகலப் பட்டை போடுகிற மாதிரி. ஏர்பஸ் செய்து கொடுத்தது. உலகமெங்கும் ஏ320 ரெண்டு ரெண்டு சக்கரத்தோடு இறங்க, இந்தியன் ஏர்லைன்ஸின் பழைய ஏ320கள் மட்டும் நாலு நாலு சக்கரத்தோடு இறங்கின. விமானப் படம் எடுக்கும் பைத்தியங்களுக்கு அது பொக்கிஷம். நானும் ஒரு காலத்தில் கோட்டூர்புரத்தில் நின்று அந்தச் சக்கரங்களை எண்ணியிருக்கிறேன்.

சந்தோஷம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1990 பிப்ரவரி 14 மத்தியானம், பம்பாயிலிருந்து பெங்களூர் போன புத்தம்புது ஏ320 ஓடுபாதைக்கு முன்னதாகவே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. வந்து ரெண்டு மாசம்கூட முழுசாக ஆகாத விமானம். 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். வி.பி. சிங் அரசு எல்லா ஏ320களையும் தரையில் நிறுத்தியது. பல மாதங்கள் அவை சும்மா நின்றன. முந்தைய ஆட்சியில் நடந்த கொள்முதலில் ஊழல் என்ற புகார் வேறு சேர்ந்துகொண்டது.

விசாரணை சொன்னதைச் சுருக்கினால் இது: இறங்கும்போது எஞ்சின்கள் சும்மா ஓடும் நிலையில் இருந்தன, வேகம் குறைந்துகொண்டே வந்தது, விமானிகள் கவனித்தது கடைசி நொடிகளில். பழைய 737இல் வேகத்தைத் தானியங்கி பார்த்துக்கொள்ளும்போது எஞ்சின் கைப்பிடியே முன்னும் பின்னும் நகரும். கை வைத்திருக்கிற விமானிக்குத் தெரியும். ஏ320இல் கைப்பிடி அசையாது. திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விமானிகளின் தவறு என்றது அறிக்கை. இத்தனை வருஷம் 737இல் பழகிய கைக்குப் புது இயந்திரத்தின் பாஷை புரியவில்லை என்பது என் வாசிப்பு. குடும்பம் மாறினால் கற்றது பாதி உதவாது. இது ஏர்பஸ்ஸுக்கு மட்டுமான பாடமில்லை.

எஞ்சின் பெருக்க, கால் குட்டையாகவே இருக்க

இப்போது 737க்குத் திரும்புவோம். 1970களில் பெட்ரோல் விலை ஏறியது. எரிபொருள் மிச்சம் செய்ய வழி, எஞ்சினின் முன்விசிறியைப் பெரிதாக்குவது. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனம். அப்படி வந்த புது எஞ்சினின் விசிறி 60 அங்குலம், ஒன்றரை மீட்டர். குட்டைக் கால் விமானத்தில் இது எப்படி நுழையும்?

நுழைத்தார்கள். எஞ்சினை இறக்கைக்கு முன்னால் நீட்டி வைத்தார்கள். கீழே தொங்கும் உபகரணங்களைப் பக்கவாட்டில் ஒதுக்கினார்கள். அதனால் எஞ்சின் வாய் வட்டமாக இல்லாமல் அடியில் தட்டையாக இருக்கும். அடுத்த தடவை ஸ்பைஸ்ஜெட்டின் பழைய 737 பக்கத்தில் நின்றால் பாருங்கள், கன்னத்தில் வெற்றிலை ஒதுக்கின மாதிரி இருக்கும். 1984இல் 737-300 பறந்தது. அதன்பின் 400, 500. 1997இல் புதிய இறக்கையோடு 700, 800. ஒவ்வொன்றும் நன்றாக விற்றது. ஒவ்வொரு தடவையும் போயிங் பழைய வீட்டிலேயே மாடி கட்டியது. அஸ்திவாரம் 1967இல் போட்டது.

2010 டிசம்பர் 1 அன்று ஏர்பஸ் புது எஞ்சினோடு ஏ320நியோவை அறிவித்தது. காலில் உயரம் இருந்ததால் 78 அங்குலம், 81 அங்குல விசிறியெல்லாம் தாராளமாக இடம் பிடித்தது. போயிங் அதுவரை முழுக்கப் புது விமானம் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. 2011 ஜூலையில் பல வருஷமாகப் போயிங்கின் வாடிக்கையாளரான அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ்ஸுக்கும் பெரிய ஆர்டர் கொடுத்தது. அடுத்த மாதமே போயிங் இயக்குநர் குழு புது விமான யோசனையை விட்டுவிட்டு 737 மேக்ஸுக்கு ஒப்புதல் கொடுத்தது. இன்னொரு மாடி.

இந்தத் தடவை விசிறி 69 அங்குலம். முன்சக்கரக் காலை 8 அங்குலம் நீட்டினார்கள். எஞ்சினை இன்னும் முன்னால், இன்னும் மேலே தூக்கி வைத்தார்கள். விளைவு: சில நிலைமைகளில் மூக்கு தேவைக்கு அதிகமாக மேலே போகும் குணம் வந்தது. கையில் பழைய 737 மாதிரி உணர்வு வராது. உணர்வு மாறினால் விமானிகளுக்கு சிமுலேட்டர் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அதிகாரிகள் கேட்கலாம். பயிற்சி வேண்டும் என்றால் குடும்ப வாக்குறுதி உடையும். சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸோடு போயிங் போட்ட ஒப்பந்தமே அப்படி: சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்குப் பத்து லட்சம் டாலர் தள்ளுபடி.

ஆகவே மென்பொருள் ஒன்று எழுதினார்கள். பெயர் எம்காஸ். மூக்கு அதிகம் தூக்குகிறது என்று உணரிக் கருவி சொன்னால் தானாகவே வால் இறக்கையைத் திருப்பி மூக்கைக் கீழே தள்ளும். அது நம்பியது ஒரே ஒரு உணரியை. விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றி எழுதவில்லை.

2018 அக்டோபர் 29, ஜகார்த்தா. லயன் ஏர் விமானத்தில் உணரி தப்பாகச் சொன்னது. மென்பொருள் மறுபடி மறுபடி மூக்கைக் கீழே தள்ள, விமானி மறுபடி மறுபடி மேலே இழுத்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிய வாய்ப்பே கொடுக்கவில்லை. டெல்லிக்காரர், 31 வயது. 189 பேர். 2019 மார்ச் 10, எத்தியோப்பியா. அதே கதை, 157 பேர். மொத்தம் 346. அதன்பிறகுதான் உலகம் மேக்ஸைத் தரையில் நிறுத்தியது. இந்தியாவில் மறுபடி பறக்க 2021 ஆகஸ்ட் ஆனது, இந்தத் தடவை சிமுலேட்டர் பயிற்சியோடு.

பெங்களூரில் குடும்பம் மாறியது வெளிப்படையாகத் தெரிந்தது, கற்றல் போதவில்லை. ஜகார்த்தாவில் மாறியதே தெரியாமல் மறைத்து, "இது அதே குடும்பம்தான்" என்றார்கள். ரெண்டில் எது மோசம் என்று கேட்டால் நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன். அடிப்படைக் காரணம் கெட்ட எண்ணம் என்றுகூட நான் சொல்லமாட்டேன். 1967இல் பெட்டி தூக்கும் போர்ட்டருக்காக எடுத்த ஒரு நல்ல முடிவு, அதை விடக்கூடாது என்று பிடிவாதம் பிடித்த அரை நூற்றாண்டு, கடைசியில் போட்டியாளரைத் துரத்திய அவசரம். மூணும் சேர்ந்தது.

ரெண்டாவது கேள்வி

சரி, நம் ஊர் பிளேன்?

முதலில் ஒரு பிரேசில் கதை. 2005 அக்டோபரில் சென்னையை மையமாக வைத்து பாரமவுண்ட் ஏர்வேஸ் ஆரம்பித்தது. கோவை, மதுரை போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: இந்தப் பக்கம் ரெண்டு சீட், அந்தப் பக்கம் ரெண்டு சீட், நடு சீட் தொல்லை கிடையாது. விமானம் எம்ப்ரேயர் 170, 175. குத்தகைக்கு எடுத்தவை. 2010இல் அந்தச் சேவை நின்றுபோனது. ஆனால் அந்த விமானத்தின் பூர்வீகத்தைப் பாருங்கள். எம்ப்ரேயர் ஆரம்பித்தது 1969இல், பிரேசில் அரசு நிறுவனமாக. கையிலிருந்தது பன்டெய்ராண்டே என்ற சின்ன விசிறி விமானம். பிறகு முப்பது சீட் பிரசிலியா, 1983. அந்த உடலின் அகலத்தையே நீட்டி ஜெட் எஞ்சின் மாட்டி ஈஆர்ஜே-145, 1995. பிறகு முழுக்கப் புதுசாக 170 வரிசை, 2002. முப்பத்துமூணு வருஷத்தில் ஒவ்வொரு பிள்ளையாக வளர்த்த குடும்பம். நம் விமானப்படையின் நேத்ரா ரேடார் விமானம்கூட அந்த 145 உடலில் செய்ததுதான்.

நாம் எப்போது ஆரம்பித்தோம்? 1961 நவம்பர் 1. கான்பூரில் பிரிட்டிஷ் உரிமத்தில் கட்டிய ஆவ்ரோ 748 அன்று பறந்தது. எம்ப்ரேயர் பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்னால்! இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் 89 ஆவ்ரோக்கள் கட்டியது. 17 இந்தியன் ஏர்லைன்ஸுக்கு, மீதி விமானப்படைக்கு. அதாவது நம் கையில் ஒரு மூத்த பிள்ளை இருந்தது.

அடுத்த பிள்ளை பிறக்கவில்லை. விமானப்படைக்காகப் பெரிய சரக்குக் கதவு வைத்ததோடு சரி. பிரிட்டிஷ்காரர்கள் அதே 748ஐ நீட்டிப் புது எஞ்சின் போட்டு 1986இல் ஏடிபி என்று பறக்கவிட்டார்கள். அது நன்றாக விற்கவில்லை என்பது வேறு விஷயம், முயற்சியாவது நடந்தது. நாம் கான்பூரில் உற்பத்தியை முடித்துக்கொண்டு அடுத்த உரிமத்துக்கு, டார்னியர் 228க்குப் போனோம். 19 பேர் போகிற நல்ல சின்ன விமானம். ஆனால் அது வேறு வீட்டுப் பிள்ளை. கான்பூரில் கட்டிய டார்னியரை 2022 ஏப்ரலில்தான் ஒரு இந்திய விமானக் கம்பெனி பயணிகளை ஏற்றி வடகிழக்கில் ஓட்டத் தொடங்கியது.

சொந்தமாக வரைந்தது சரஸ். பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகங்களின் 14 சீட் விமானம். 1990களின் தொடக்கத்தில் ரஷ்யக் கூட்டாளியோடு ஆரம்பித்தது, கூட்டாளி விலகினார். 1998 அணுச்சோதனைக்குப் பின் தடைகள். 2004 மே 29 அன்று பறந்தேவிட்டது. 2009 மார்ச் 6, பிடதி அருகே ரெண்டாவது மாதிரி விமானம் விழுந்து விமானப்படையினர் மூவர் இறந்தார்கள். திட்டம் நின்றது. 2018 ஜனவரியில் மறுபடி பறந்தது. இப்போது 19 சீட் என்று மாற்றி வரைகிறார்கள். இதற்கு நடுவே 70 சீட், 90 சீட் என்று ஆர்டிஏ என்ற பெயரில் ஒரு முழுக் குடும்பமே காகிதத்தில் பிறந்தது. கமிட்டி போட்டார்கள், படங்கள் வந்தன, கண்காட்சியில் பொம்மை வைத்தார்கள். அந்தக் குடும்பம் இன்னும் காகிதத்தில்தான் வசிக்கிறது.

ஆள் இல்லையா? நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். குரோம்பேட்டையில் சி. ராஜம் தன் வீட்டை விற்று 1949இல் எம்ஐடி தொடங்கியபோது முதல் படிப்புகளிலேயே விமானப் பொறியியல் இருந்தது. வகுப்பிலிருந்து பார்த்தால் விமானம் இறங்கும். அங்கே படித்த அப்துல் கலாமின் குழுவுக்குக் கொடுத்த வடிவமைப்புப் பயிற்சி, தாழப் பறக்கும் ஒரு தாக்குதல் விமானம். கலாம் ராக்கெட்டுக்குப் போனார். எத்தனையோ பேர் ஏவுகணைக்கும் போர் விமானத்துக்கும் போனார்கள். அவற்றையெல்லாம் நாடு செய்தும் காட்டியது. ஐஐடி கோட்டூர்புரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அறிவு இருந்தது.

இல்லாமல் போனது தொடர்ச்சி என்று நினைக்கிறேன். ராக்கெட்டில் ஒவ்வொன்றும் முந்தையதின் தோளில் நின்றது: எஸ்எல்வி, ஏஎஸ்எல்வி, பிஎஸ்எல்வி. அதுவும் குடும்பம்தான். தோற்றபோதும் அடுத்ததைப் பெற்றார்கள். பயணிகள் விமானத்தில் ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்து ஆரம்பித்தது. வாங்குபவர் யார் என்ற கேள்விக்கும் உறுதியான பதில் இருந்ததில்லை. இண்டிகோ 2005இல் 100 ஏ320 கேட்டது. 2023 ஜூனில் ஒரே தடவையில் 500 கேட்டது. இவ்வளவு பெரிய சந்தையில் நமக்குச் சொந்தமாக ஒரு உருப்படிகூட இல்லை. ஆவ்ரோவின் இடத்துக்கு விமானப்படைக்கு வரும் சி-295ஐ வதோதராவில் கட்டப்போகிறார்கள், ரஷ்ய ஜெட் ஒன்றைச் சேர்ந்து செய்ய 2025இல் மாஸ்கோவில் கையெழுத்தும் போட்டார்கள். நல்லதுதான். ஆனால் இதெல்லாம் மறுபடியும் வேறு வீட்டுப் பிள்ளைகள்.

737இன் கதையைப் படித்தவனுக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. குடும்பம் ஆரம்பிக்கும்போது எடுக்கிற சின்ன முடிவு பேரன் காலம் வரை துரத்தும். நாலு சக்கரம் கேட்ட மாதிரி, நம் ஊருக்கு என்ன தேவை என்று கேட்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருந்தார்கள். அந்தக் கேள்வியை இன்னொருவர் விமானத்துக்குக் கேட்டோம்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பையனிடம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். ஆவ்ரோ, சரஸ், காகிதத்தில் இருக்கும் 70 சீட் எல்லாம். பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப நான் பெரியவனானப்புறம் வருமா மாமா?"

"வரலாம்டா" என்றேன். அதற்குமேல் உறுதியாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மாடியில் ஒரு விமானச் சத்தம் கேட்டது. எந்தக் குடும்பம் என்று பார்க்க ஓடினான்.